மூடிக்கிடக்கும் கடைவீதிக்குப் பத்து வருட வரிவிலக்கு போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஊர் நடுவே இருக்கும் பழைய வணிகப் பகுதியில் மூன்றில் ஒரு கடைக்கு மேல் பூட்டிக் கிடக்கிறது. அங்கே புதிதாகக் கடை திறந்தால் அந்தக் கட்டடத்துக்குப் பத்து வருடம் சொத்து வரி கிடையாது என்று அறிவிக்க நகர நிர்வாகம் யோசிக்கிறது. வணிகர் சங்கத்தில் இருக்கும் நீங்கள், இதை ஆதரிக்கலாமா, இதைவிட நல்ல கருவிகள் உண்டா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அரசு விட்டுக்கொடுக்கும் பணம் கடைசியில் யார் கையில் போய் நிற்கும், அதனால் ஒரு கதவாவது கூடுதலாகத் திறக்குமா? நகரத் திட்டமிடல் படித்துவிட்டு, நகர மையங்களை மீட்டெடுக்கும் திட்டங்களிலேயே வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், அந்த அடிக்கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். ஒரு பகுதி முழுவதற்கும் பொதுவாகக் கொடுக்கும் வரிவிலக்கில் நல்ல பங்கு, கொஞ்ச நாளில் வாடகையாக மாறிக் கட்டட உரிமையாளரிடம் போய்ச் சேரும். காரணம் எளிது. ஒரு இடத்துக்கு மாதம் மொத்தமாக எவ்வளவு தாங்க முடியும் என்பதைக் கடைக்காரர் அங்கே நடக்கும் வியாபாரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். வரி குறைந்தால் வியாபாரம் கூடிவிடாது. வாடகையை ஏற்றிக் கேட்க உரிமையாளருக்கு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். பிரிட்டன் 1981 முதல் சில நலிந்த பகுதிகளைச் சிறப்புத் தொழில் மண்டலங்களாக அறிவித்து, அங்கிருந்த வணிகக் கட்டடங்களுக்குப் பத்து வருடம் உள்ளாட்சி வரியைத் தள்ளுபடி செய்தது. உங்கள் ஊர் யோசிப்பது ஏறக்குறைய அதையேதான். மண்டலங்களுக்குள் வாடகை வெளியே இருந்ததைவிட மேலே போனது.

அங்கிருந்து கற்க வேண்டிய இன்னும் பெரிய பாடம் டட்லி என்ற ஊர். மூடப்பட்ட ஒரு எஃகு ஆலையை ஒட்டி அமைந்த மண்டலத்தில், 1980களில் மெரி ஹில் என்ற பெரிய வணிக வளாகம் எழுந்தது. சில மைல் தள்ளியிருந்த டட்லி நகர மையத்தின் பெரிய கடைகள் அங்கே இடம்பெயர்ந்தன. பழைய கடைவீதி காலியாகிவிட்டது. வளாகத்தில் எத்தனை வேலை உருவானது என்று மட்டும் எண்ணினால் அது வெற்றிக் கதை. இரண்டு இடங்களையும் சேர்த்து எண்ணினால், ஓரிடத்தில் பிடுங்கி இன்னோரிடத்தில் நட்டதுதான் அதில் நல்ல பங்கு. உங்கள் ஊரிலும் இதன் சின்ன வடிவம் நடக்கலாம்: இரண்டு தெரு தள்ளி நன்றாக ஓடும் கடை, வரிவிலக்குக்காகச் சலுகைப் பகுதியின் எல்லைக்கு இந்தப் பக்கம் வரும். கஷ்டகாலத்திலும் கடையை மூடாமல் இருந்தவர் முழு வரி கட்டிக்கொண்டே, பக்கத்தில் வரி கட்டாத புதியவரோடு போட்டி போட வேண்டியிருக்கும். சங்கத்தில் முதலில் கொதிப்பு எழுவது இதில்தான், அந்தக் கொதிப்பு நியாயமானது.

சரி, அப்படியானால் எங்கே தொடங்குவது? ஒவ்வொரு பூட்டிய கடைக்கும் அதைப் பூட்டி வைக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கு யாருடையது என்று கண்டுபிடிக்காமல் எந்தச் சலுகையும் அறிவிக்கக்கூடாது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை, விளக்கு வைத்தபின் ஒருமுறை நடந்து பாருங்கள். கடைக்கு ஒரு வரி எழுதினால் போதும்: உரிமையாளர் யார், எங்கே இருக்கிறார், எப்போதிலிருந்து பூட்டியிருக்கிறது, கடைசியாக எவ்வளவு வாடகை, இப்போது எவ்வளவு கேட்கிறார், மாடி பயன்பாட்டில் உள்ளதா, கூரை ஒழுகுகிறதா. பட்டியல் பாதி வருவதற்குள் பூட்டிய கடைகள் தானாகவே மூன்று நான்கு வகையாகப் பிரிந்துவிடும். சிலவற்றில் வாரிசுகளுக்குள் வழக்கு. யாராலும் கையெழுத்துப் போட முடியாது. சிலவற்றில் உரிமையாளர் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். காலியாக வைத்திருக்க அவருக்குச் செலவே இல்லை. சிலர் வாடகையைக் குறைக்க மனமிருந்தும் குறைக்க முடியாமல் இருப்பார்கள்: கட்டடத்தின் மேல் வாங்கிய கடனை வங்கி அந்த வாடகையை வைத்து மதிப்பிட்டிருக்கும், குறைத்தால் ஈட்டின் மதிப்பும் குறையும். மீதியில்தான் உண்மையிலேயே பணம் பற்றாமல் நிற்கும் கட்டடங்கள் இருக்கும். பணச் சலுகை வேலை செய்வது இந்தக் கடைசி வகையில் மட்டும்தான்.

அந்த வகையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். பழைய இரண்டடுக்குக் கட்டடம் ஒன்று. கூரை, மின்கம்பி, கழிப்பறை, தீத்தடுப்பு எல்லாவற்றையும் சரிசெய்ய 100 பங்கு செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தபின் அந்தத் தெருவில் கிடைக்கக்கூடிய வாடகையை நம்பி வங்கி 55 கடன் தரும். உரிமையாளர் கையிலிருந்து 20 போடுவார். அதற்கு மேல் போட்டால் அவருக்குத் திரும்பாது. மீதி 25 யாரிடமும் இல்லை. கட்டடம் பூட்டிக் கிடப்பது இந்த 25-ஆல்தான். பத்து வருட வரிவிலக்கின் இன்றைய மதிப்பு, அதாவது வருடா வருடம் மிச்சமாவதை இன்றே மொத்தமாகத் தந்தால் எவ்வளவு என்ற கணக்கு, 8 என்று வந்தால், விலக்கு கொடுத்தபின்னும் கட்டடம் அப்படியேதான் நிற்கும். பழுதே இல்லாத பக்கத்துக் கட்டடத்துக்கும் அதே 8 சும்மா போகும். இன்னொன்றையும் கவனியுங்கள்: கூரைக்காரருக்கு இன்றைக்குப் பணம் கொடுக்க வேண்டும், வரிவிலக்கோ வருடா வருடம் சொட்டுச் சொட்டாக வருகிறது. திட்டம் போடுபவர்கள் அடிக்கடி கோட்டைவிடும் இடம் இது.

ஆகவே பழுதுபார்ப்பு இடைவெளியை நிரப்பும் கருவிகளை, செய்த வேலையோடு முடிச்சுப் போட வேண்டும். அமெரிக்காவின் வரலாற்றுக் கட்டட வரிக்கழிவு இதற்கு நல்ல முன்மாதிரி. வருமானம் தரும் பழைய கட்டடத்தை, வகுத்த தரப்படி புதுப்பித்தால், தகுதியான செலவில் 20 சதவீதம் மத்திய வருமான வரியில் கழியும். வேலை நடக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. 2017-இல் வந்த வரிச்சட்டம் அந்தக் கழிவை ஐந்து வருடமாகப் பிரித்துவிட்டதால் அதன் வலு கொஞ்சம் குறைந்தது. சின்னக் கட்டடங்களுக்கு அதன் காகித வேலை பெரிய சுமை என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்கள் அளவுக்குப் பொருந்துவது இணை மானியம்: உரிமையாளர் பாதி, நகரம் பாதி, வேலை முடிந்து ஆய்வு செய்தபின் பட்டுவாடா. முகப்பை மட்டும் அழகுபடுத்தும் மானியத்தைப் பற்றி எனக்கு அரைமனதுதான். கடைக்காரருக்கு உற்சாகம் தரும், தெரு பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதனாலேயே வியாபாரம் கூடியது என்று பிரித்துக் காட்டுவது கடினம், ஏனென்றால் முன்னேறத் துடிப்பவர்கள்தான் அந்த மானியத்துக்கு விண்ணப்பமே போடுகிறார்கள். மின்கம்பிக்கும் கழிப்பறைக்கும் படிக்கட்டுக்கும் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரியாது; கடையைத் திறக்க வைப்பது அதுதான்.

படிக்கட்டு என்றதும் மாடிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கைக்கு எட்டிய தூரத்தில் வீணாகும் சொத்து அதுதான். கீழே கடை அகலமாக வேண்டும் என்று எப்போதோ தெருப்பக்கப் படிக்கட்டை இடித்திருப்பார்கள். அதோடு மாடி செத்துவிடும். பிறகு அது பழைய அட்டைப்பெட்டி போடும் இடம். அதை வீடாக மாற்றலாம் என்றால் இரண்டாவது வெளியேறும் வழி, தீ தாங்கும் சுவர், வீட்டுக்கு ஒரு வாகன நிறுத்துமிடம் என்று விதிகள் வரிசையாக நிற்கும். முதலிரண்டும் உயிர்காக்கும் விதிகள், அவற்றில் சமரசம் கூடாது, அதற்குத்தான் மானியம். மூன்றாவதை எடுத்துவிடலாம், அதற்குக் காசே செலவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1999-இல் தன் பழைய மையப்பகுதிக்கு ஒரு மறுபயன்பாட்டு விதியைக் கொண்டுவந்தது. காலியாகக் கிடந்த பழைய அலுவலகக் கட்டடங்களை வீடாக மாற்றுபவர்கள் புதிதாக வாகன நிறுத்துமிடம் கட்ட வேண்டாம், ஓரிடத்தில் எத்தனை வீடு வரலாம் என்ற அடர்த்தி வரம்பும் தளர்த்தப்படும், அனுமதியும் விரைவில் கிடைக்கும் என்பது அதன் சாரம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 12,000-க்கும் அதிகமான குடியிருப்புகள் அந்தப் பகுதியில் வந்தன. மாலை ஏழு மணிக்கு மேல் தெருவில் நடமாட்டம் வேண்டுமானால் அங்கே ஆட்கள் குடியிருக்க வேண்டும். எந்த விழாவும் அதற்கு ஈடாகாது.

இனி, பணம் தேவையே இல்லாமல் பூட்டி வைத்திருப்பவர்கள். இவர்களுக்குச் சலுகை கொடுத்தால் காத்திருப்பதற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகும். காலியாக வைத்திருப்பதைச் செலவுள்ளதாக்குவதுதான் வழி. வாஷிங்டன் நகரம் பல வருடங்களாகக் காலிக் கட்டடத்துக்கு மதிப்பில் 100-க்கு 5 என்றும், சிதிலமாக விட்டதற்கு 100-க்கு 10 என்றும் வரி போட்டுவந்திருக்கிறது. சாதாரண வணிகக் கட்டட வரியைவிட இது பல மடங்கு. வரி விகிதத்தைவிடக் கடினமானது, எது காலி என்று நிரூபிப்பது. ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுவிட்டு அலுவலகம் நடக்கிறது என்பார்கள். அதனால் ஆய்வாளர் இல்லாத ஊரில் இந்த வரி காகிதத்தில்தான் இருக்கும். இங்கிலாந்து இன்னும் ஒரு படி போயிருக்கிறது. 2023-இல் இயற்றிய சட்டத்தின்படி, இரண்டு வருடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் காலியாகக் கிடந்த கடையை, உள்ளாட்சியே ஒன்று முதல் ஐந்து வருடக் குத்தகைக்கு ஏலம் விடலாம். அந்த அதிகாரம் 2024 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை, ஆனால் ஏலம் வரக்கூடும் என்ற பயமே சில உரிமையாளர்களைப் பேச்சுக்குக் கொண்டுவரும் என்று நினைக்கிறேன்.

கட்டாயம் வேண்டாம் என்றால் மென்மையான வழி ஒன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008-இல் மார்கஸ் வெஸ்ட்பரி என்பவர் தொடங்கிய ரினியூ நியூகாசில் என்ற அமைப்பு, காலிக் கடைகளை உரிமையாளர்களிடம் தற்காலிகமாகக் கேட்டு வாங்கி, கைவினைஞர்களுக்கும் சிறு படைப்பாளிகளுக்கும் கொடுத்தது. சூட்சுமம் ஒப்பந்தத்தில் இருந்தது. அது குத்தகை கிடையாது. முப்பது முப்பது நாளாகப் புதுப்பிக்கும் வெறும் அனுமதி. முழு வாடகை கொடுக்கும் ஆள் வந்தால் உரிமையாளர் இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உள்ளே விட்டால் வெளியேற்ற முடியாதே என்ற பயம்தான் பல உரிமையாளர்களின் கையைக் கட்டியிருக்கிறது. அந்தப் பயத்தைச் சட்டக் காகிதம் ஒன்று போக்கியது. நகர நிர்வாகத்துக்கு இதில் ஆகும் செலவு ஒரு வழக்கறிஞர், காப்பீடு, ஒருங்கிணைக்க ஓர் ஆள்.

அந்த ஓர் ஆள் விஷயத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. வெளியே இருக்கும் வணிக வளாகத்துக்கு ஒரே முதலாளி. யாரை எங்கே வைப்பது, எப்போது திறப்பது, குப்பையை யார் எடுப்பது என்று ஒருவர் முடிவு செய்கிறார். கடைவீதிக்கு நூறு முதலாளிகள். டொரொண்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் பகுதிக் கடைக்காரர்கள் இதற்கு 1970-இல் ஒரு விடை கண்டார்கள். தெருவுக்கு அடியில் ரயில் வந்ததும் மேலே நடமாட்டம் குறைந்தது, வாடிக்கையாளர்கள் வளாகங்களுக்குப் போனார்கள். மனமுவந்து கொடுக்கும் சந்தாவில் பாதிப்பேர் கொடுத்து எல்லோரும் அனுபவிக்கும் நிலை. எனவே பகுதியில் இருக்கும் எல்லாத் தொழில்களும் கட்டாயமாகக் கட்டும் ஒரு கூடுதல் வரியை நகரம் வசூலித்து, அந்தப் பகுதியின் வாரியத்திடமே திருப்பிக் கொடுக்கும்படி சட்டம் வந்தது. இன்று உலகம் முழுக்க இருக்கும் வணிக மேம்பாட்டு மாவட்டங்களின் தொடக்கம் அது. அமெரிக்காவில் இதே காலத்தில் சிற்றூர்களுக்கு வேறொரு வழி உருவானது. பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை 1977-இல் கேல்ஸ்பர்க், மேடிசன், ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற மூன்று ஊர்களில் சோதித்து, 1980-இல் மெயின் ஸ்ட்ரீட் மையமாக அதை விரிவாக்கியது. அதன் உயிர்நாடி, கடைவீதிக்கென்றே சம்பளத்துக்கு இருக்கும் ஒரு மேலாளர். எந்தக் கடையின் குத்தகை எப்போது முடிகிறது, எந்த உரிமையாளர் விற்கும் யோசனையில் இருக்கிறார், யார் இரண்டாவது கிளை தேடுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரே ஒரு செலவுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அந்தச் சம்பளத்துக்குக் கொடுங்கள் என்பேன்.

மேம்பாட்டு மாவட்டங்களின் பலன் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் நடந்த ஆய்வுகளில் அலுவலகங்கள் நிறைந்த பெரிய மாவட்டங்களில் சொத்து மதிப்பு உயர்ந்தது தெளிவாகத் தெரிந்தது; சின்னச் சில்லறைத் தெருக்களில் அந்தத் தெளிவு இல்லை. மதிப்பு உயர்ந்தால் வாடகையும் உயரும். மாவட்ட வாரியத்தில் வாக்குரிமை கட்டட உரிமையாளருக்கு மட்டும் என்று வைத்தால், வரிச்சுமையைக் குத்தகை வழியாகக் கடைக்காரர் சுமப்பார், முடிவை வேறொருவர் எடுப்பார். வாடகைக்காரருக்கும் வாரியத்தில் இடம் கேளுங்கள்.

வாகன நிறுத்தம் பற்றி எந்தச் சங்கத்திலும் சண்டை வரும். இலவசமாக விட்டால் நல்ல இடங்களைக் காலையிலேயே கடை ஊழியர்களும் முதலாளிகளும் பிடித்துக்கொள்வார்கள். வாடிக்கையாளர் சுற்றிச் சுற்றி வருவார். கலிஃபோர்னியாவின் ஓல்ட் பாசடீனா பகுதியில் 1993-இல் கட்டண மீட்டர்கள் வைத்தபோது கடைக்காரர்கள் முதலில் எதிர்த்தார்கள். வசூல் முழுவதும் அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் சந்துகளுக்கும் துப்புரவுக்கும் திரும்பும் என்று உறுதி கொடுத்தபின் ஒப்புக்கொண்டார்கள், தெரு பிழைத்தது. பொதுக் கஜானாவுக்குப் போகும் கட்டணம் என்றால் நானே எதிர்ப்பேன். தெருவை நடப்போருக்கு மட்டும் ஆக்குவது பற்றியும் கேட்பார்கள். அமெரிக்காவில் 1959-இல் கலமசூவில் தொடங்கி ஏறக்குறைய 200 ஊர்கள் அதைச் செய்தன. பெரும்பாலானவை பிறகு வாகனங்களைத் திரும்ப அனுமதித்தன. ஃப்ரெஸ்னோ 1964-இல் மூடிய தெருவை 2017-இல் திறந்தது. தெருவை நடப்போருக்கே வைத்திருக்கும் போல்டரும் பர்லிங்டனும் நன்றாக ஓடுகின்றன. இரண்டும் பல்கலைக்கழக ஊர்கள், ஏற்கெனவே நடந்து வரும் கூட்டம் உண்டு. கூட்டம் இருக்கும் தெருவை அது இன்னும் நல்லதாக்கும். கூட்டத்தை உண்டாக்கும் என்று நம்பிச் செய்யாதீர்கள்.

யாராவது வருங்கால வரி உயர்வை அடகு வைத்து இப்போதே கடன் வாங்கலாம் என்று சொன்னால் கவனமாக இருங்கள். 1952-இல் கலிஃபோர்னியாவில் பிறந்த முறை அது. ஒரு பகுதியின் வரி வருமானத்தை இன்றைய அளவில் நிறுத்திவிட்டு, அதற்குமேல் வருவதையெல்லாம் அந்தப் பகுதியின் செலவுக்கே ஒதுக்குவார்கள். மதிப்பு எப்படியும் உயர்ந்திருக்குமா, திட்டத்தால் உயர்ந்ததா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாததால், பள்ளிக்கும் பிற சேவைக்கும் போக வேண்டிய பணம் இதில் சிக்கும். சிகாகோ சுற்றுவட்டார நகராட்சிகளை வைத்து 2000-இல் வந்த ஓர் ஆய்வு, இதைக் கைக்கொண்ட ஊர்கள் மற்றவற்றைவிட மெதுவாகத்தான் வளர்ந்தன என்று கண்டது. கலிஃபோர்னியாவே இந்த முறையில் இயங்கிய தன் மறுமேம்பாட்டு முகமைகளை 2012-இல் கலைத்துவிட்டது.

இத்தனை செய்தும், ஊருக்கு வெளியே இன்னொரு வளாகத்துக்கு அனுமதி கொடுத்தால் எல்லாம் வீண். பிரான்ஸ் இதைப் புரிந்துகொண்டது. 222 நடுத்தர ஊர்களின் மையங்களுக்கு ஐந்து வருடத்தில் 500 கோடி யூரோ திரட்டும் திட்டத்தை 2018-இல் தொடங்கிய கையோடு, புறநகர் வணிகத் திட்டங்களை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தையும் சட்டத்தில் சேர்த்தது. அதோடு, மையத்தில் இருக்கும் பதிவு அலுவலகம், நூலகம், மருத்துவமனை போன்றவற்றை வெளியே கொண்டுபோகும் யோசனை ஏதும் நிர்வாகத்திடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படி ஒன்று இருந்தால் வரிவிலக்கைவிட அவசரமாகப் பேச வேண்டியது அது.

என் அனுபவம் சிறு, நடுத்தர ஊர்களின் கடைவீதிகளில்தான். வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கத்தால் காலியான உயரமான அலுவலகக் கோபுரங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. உங்கள் ஊர்ச் சட்டத்தில் எதற்கு இடமுண்டு என்பதையும் உள்ளூர் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நிர்வாகம் வரிவிலக்கிலேயே உறுதியாக நின்றால், வேண்டாம் என்று எழுந்து வராமல் நிபந்தனைகளைக் கேளுங்கள். விலக்கு கட்டடத்தில் செய்த வேலையின் செலவுக்கு மேல் போகக்கூடாது. பத்து வருடம் மொத்தமாக வேண்டாம். முதல் மூன்று வருடம் முழுதாக, பிறகு படிப்படியாகக் குறையட்டும். சலுகைக் காலத்தில் வாடகை எவ்வளவு ஏறலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். கடை வருடத்தில் இத்தனை மாதம் திறந்திருக்காவிட்டால் விட்டுக்கொடுத்த வரி வட்டியோடு திரும்ப வசூலாக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கடைக்காரர் அதே அளவு வேலை செய்தால் அவருக்கும் அதே விலக்கு உண்டு. யாருக்கு எவ்வளவு போனது என்ற பட்டியல் வருடந்தோறும் வெளியாக வேண்டும். இவற்றில் எதை நிர்வாகம் ஒத்துக்கொள்ள மறுக்கிறதோ, அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.